மலையைச் சுற்றிப் படித்த இரண்டு பேப்பர்கள்

பெரியவளே, சின்னவனே, அக்னி நட்சத்திர வெயிலில் ஒருத்தருடைய கை பனிக்கட்டி போலச் சில்லிட்டுப் போகும் என்பதை நான் உங்கள் அம்மாவின் கையைத் தொட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. கல்லூரி வாசலில் பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மரத்தடிக்கு மரத்தடி கும்பலாக நின்று கடைசி நேரப் படிப்பைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் தனியாக நின்றாள். ஹால் டிக்கெட்டை மடக்குவதும் பிரிப்பதுமாக இருந்ததில் அது நடுவில் கிழிய ஆரம்பித்திருந்தது. அதை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. “பயமா?” என்று கேட்டேன். “இல்லங்க, காத்து” என்றாள். மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பெரியவளே, நேற்று மாதிரித் தேர்வில் இறுதிக் கணக்கு வரவில்லை என்று நீ கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் படுத்தாய். வணிகவியல் பிரிவே வேண்டாம், அம்மாவுக்கு வருவது எனக்கு வராது என்று தம்பியிடம் சொல்லி அழுதாயாம். அம்மா இன்று ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு பக்கம் போனில் பேசிக்கொண்டே இன்னொரு பக்கம் கணக்கு முடிக்கிறவள். நீங்கள் கண் திறந்ததிலிருந்து பார்த்த அம்மா அவள்தான். அதற்கு முன்னால் இருந்தவளை நான் ஒருவன்தான் பார்த்திருக்கிறேன். நேரில் சொன்னால் எனக்கு வார்த்தை முன்னே பின்னே வரும், நீங்களும் டிவியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவீர்கள். அதனால் எழுதுகிறேன். ஒன்பதாவதோடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகும்போது அம்மா மூன்று வருடம் பி.காம். படித்து முடித்திருந்தாள். ஆனால் பட்டம் கையில் இல்லை. முதல் வருடத்துப் பேப்பர் இரண்டு, பொருளியலும் கணக்குப்பதிவியலும், அரியராக நின்றுவிட்டன. ஒவ்வொரு தடவையும் பணம் கட்டி எழுதுவாள், ஒவ்வொரு தடவையும் போய்விடும். பெண் பார்க்கப் போனபோது உங்கள் தாத்தா, “பி.காம். முடிச்சிருக்குது” என்றார். காபி கொண்டு வந்த அம்மா தட்டை வைத்துவிட்டு, “முடிக்கல, ரெண்டு பேப்பர் நிக்குது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் சரியென்றேன். இது அவளுக்குத் தெரியாது.

மாவட்டம் தனியாகப் பிரிந்த புதுசு அது. வேங்கிக்கால் பக்கம் எங்கே பார்த்தாலும் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பெயிண்டருக்கு ஓய்வே கிடையாது. நானும் நாளுக்கு ஒரு வீடு என்று ஓடிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு வீட்டில் இரண்டாவது மாடிக்குச் சாரம் கட்டியவன் கயிறை எப்படி முடிந்தானோ, சவுக்குக் கட்டை உருண்டது, நான் கீழே மணல் மேட்டில் கிடந்தேன். தொடை எலும்பு. மாவுக்கட்டோடு மாதக்கணக்கில் படுக்கை. கட்டைப் பிரித்தபோது கால் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்: “நடப்பா. தெனமும் நட. நீ உக்காந்தா அதுவும் உக்காந்துடும்.”

அந்தச் சமயத்தில் வீட்டில் அடுப்பு எரிந்தது அம்மாவால்தான். ஆடிட்டர் அலுவலகத்தில் தற்காலிகமாக டைப் அடிக்கவும் பில் அடுக்கவும் போய்க்கொண்டிருந்தாள். ஆடிட்டர் நல்ல மனிதர், ஆனால் பார்ட்னர் ஒருவர் உண்டு. அவருடைய அண்ணன் மகள் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து, வேலை பழகுகிறேன் என்று அம்மாவின் எதிர் நாற்காலியில் உட்கார ஆரம்பித்தாள். ஆடிட்டர் ஒரு நாள் அம்மாவைக் கூப்பிட்டு, “டிகிரி இல்லாம உன்ன நிரந்தரமா போட என்னால முடியாதும்மா. இந்த ரிசல்ட் வர வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல கேக்காத” என்றார். அதே மாதம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் பழைய பாடத்திட்டம் முடிகிறது, அரியர் வைத்திருப்பவர்களுக்கு இதுவே கடைசி வாய்ப்பு என்று ஒட்டியிருந்தார்கள். அம்மா அதைப் படித்துவிட்டு வந்து எனக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் சொன்னாள். நான் அந்தச் சோற்றைச் சாப்பிடவில்லை.

ஏன் ஒவ்வொரு முறையும் போகிறது என்று நான் அதுவரை கேட்டதில்லை. கேட்டால் மனசு நோகும் என்று விட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கணக்குப் போட்டுப் பார்ப்பதைக் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இருப்புநிலைக் குறிப்பு. இடது பக்கம் ஒரு கூட்டல், வலது பக்கம் ஒரு கூட்டல், இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வரவில்லை. மறுபடி கூட்டினாள். வரவில்லை. உடனே மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்குப் பேனாவை இழுத்து முழுப் பக்கத்தையும் அடித்தாள். புதுத் தாளில் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூச்சு வாங்கியது. அதுவும் ஒத்துவரவில்லை. அதையும் அடித்தாள்.

“பரீட்சைலயும் இப்படித்தான் பண்றியா?” என்றேன்.

தாளைப் பார்த்துக்கொண்டே, “தப்பா இருக்கறத எப்படிங்க அப்படியே வச்சிட்டு வர்றது?” என்றாள். அடித்து அடித்து எழுதி, மணி அடிக்கும்போது அடித்த பக்கங்கள்தான் மிச்சம் இருக்குமாம். தெரியாத பாடம் ஒன்றுகூட இல்லை. திருத்துகிறவருக்கு மதிப்பெண் போட அவள் எதையும் மிச்சம் வைப்பதில்லை, அவ்வளவுதான். சுவரில் திட்டு விழுந்தால் நானும் முழுச் சுவரையும்தான் மறுபடி அடிப்பேன்.

டாக்டர் நடக்கச் சொன்னார், அவளுக்குப் படிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தது அவள்தான். “கைல பேனா இல்லாம படிச்சா அடிக்க முடியாதுல்ல?” என்றாள். விடியற்காலையில் இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து எட்டு லிங்கமும் உள்ள கிரிவலப் பாதையில் மலையைச் சுற்றி நடப்பது, நான் கைடைப் பார்த்துக் கேள்வி கேட்பது, அடுத்த லிங்கம் வருவதற்குள் அவள் பதில் சொல்லி முடிப்பது. முதலில் அக்னி லிங்கம் வரைதான் என் காலுக்குத் தெம்பு இருந்தது. அங்கிருந்து டவுன் பஸ் ஏறித் திரும்பினோம். பிறகு யம லிங்கம் வரை. எவ்வளவு பக்கமாக இருந்தாலும் வந்த வழியே திரும்பி நடப்பதில்லை. மலை எப்போதும் வலக்கைப் பக்கமே இருக்க வேண்டும், இடமாகச் சுற்றுவது யாருக்கும் ஆகாது என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

இப்போது நீங்கள் பார்க்கிற ரோடு இல்லை அது. இந்த நடைமேடை, இந்த மஞ்சள் விளக்கு, ஜூஸ் கடை எதுவும் கிடையாது. ஆசிரமத்தைத் தாண்டிவிட்டால் புளிய மரமும் இருட்டும்தான். எனக்குத் தடி, அவளுக்கு டார்ச். கைடின் மேல் டார்ச் வெளிச்சத்தைப் பிடித்து, எழுத்துக்கூட்டி, நான் கேள்வி கேட்பேன்.

ஒவ்வொரு லிங்கத்துக்கும் ஒரு பாடம் என்று அவளே பிரித்து வைத்தாள். இந்திர லிங்கத்தில் தேவை விதி. அக்னி லிங்கத்தில் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. யம லிங்கத்தில் அளிப்பு. நிருதியில் நெகிழ்ச்சி. வருணனிலிருந்து கணக்குப் பாடம்: இரட்டைப் பதிவு, வாயுவில் இருப்பாய்வு. குபேர லிங்கத்தில் தேய்மானம் என்றபோது நான் நின்றுவிட்டேன். “குபேரன்கிட்ட போய் தேயறத பத்தியா பேசுவ?” என்றேன். “அவருகிட்டயும் பழைய பீரோ இருக்கும்ல?” என்றாள். கடைசி ஈசான்ய லிங்கத்தில் இறுதிக் கணக்கு. அங்கே பக்கத்தில் சுடுகாடு. அதற்கும் அவளே ஏதோ சொல்லிச் சிரித்தாள், எழுதினால் நன்றாக இருக்காது.

நான் கேள்வி மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்ததில்லை. விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லிவிடுவேன். அவள் பதில் சரியா என்று அறிய எனக்குத் தெரிந்த ஒரே வழி, எனக்கே விளங்குகிறதா என்று பார்ப்பதுதான். ஆதி அண்ணாமலையில் ஒரு டீக்கடை அக்கா இருந்தார். நாங்கள் பேசிக்கொண்டே வருவதைத் தூரத்திலேயே கேட்டு டீயை ஆற்ற ஆரம்பித்துவிடுவார். “இன்னாப்பா, சாமி பேரைச் சொல்லிக்கினு சுத்துவாங்க, நீ பொண்டாட்டிய பாடம் ஒப்பிக்க வச்சி இட்டுனு வர்ற?” என்பார். ஒரு நாள் அம்மா தேவை விதியை மறுபடி சொல்லிக்கொண்டு வந்தாள். மற்றவை மாறாதிருக்கும்போது, விலை ஏறினால் தேவை குறையும். அக்கா டம்ளரை ‘டக்’கென்று வைத்தார்.

“யாரு எழுதனது அது? பௌர்ணமி அன்னிக்கு வந்து பாக்கச் சொல்லு. டீ வெலயும் ஏத்தறேன், ஆளும் ஜாஸ்தியா வருது. கம்மியா ஆவுது?”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அம்மா டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள். “அக்கா, பௌர்ணமி அன்னிக்கு மத்ததெல்லாம் மாறிப்போச்சு. ஊரே இங்க வந்து நிக்குது. அதனால அந்த வளைகோடே எழுந்து வலது பக்கம் நவுந்துடுச்சு. சாதாரண நாள்ல நீங்க வெலய ஏத்திப் பாருங்க.”

“ஏத்தினேன். உன் வூட்டுக்காரரே எதிர் கடைக்குப் போயிட்டாரு” என்றார் அக்கா.

அது உண்மை. அம்மா அன்று சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. ஆனால் எனக்கு அந்த ‘மற்றவை மாறாதிருக்கும்போது’ என்கிற வார்த்தை மனசில் மாட்டிக்கொண்டது. எந்தப் பாடத்தைப் புரட்டினாலும் அது முன்னால் வந்து நின்றது. எங்கள் வீட்டில் மற்றவை எதுவும் மாறாமல் இருந்ததே இல்லை.

வழியில் கண்டதையெல்லாம் குறிப்பேட்டுப் பதிவாக வாயால் சொல்லச் சொல்வேன். “அதோ லாரில செங்கல் எறங்குது, கடனுக்கு. சொல்லு.” நான் கொள்முதல் என்று நினைத்திருப்பேன். அவள் சொல்வாள்: “விக்கறதுக்கு வாங்கினாதான் கொள்முதல். அவரு வீடு கட்டறாரு. கட்டடக் கணக்கு பற்று, சூளைக்காரர் கணக்கு வரவு.” வாய் தடுமாறாமல் வந்தது. மாசி போய்ப் பங்குனி வந்தபோது நாங்கள் முழு மலையும் சுற்ற ஆரம்பித்திருந்தோம். என் காலும் என்னுடைய கால் மாதிரி ஆனது. அவளுக்கு எட்டுப் பாடமும் நுனி நாக்கில். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. சாயங்காலம் அவள் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருக்காமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “தேய்மானம்னா இன்னா?” என்று கேட்டேன். மலையில் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வாள். இங்கே கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. கரண்டி நின்றுவிட்டது. நான் காத்திருந்தேன். உதடு இன்னும் அசைந்துகொண்டே இருந்தது. குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தபோதுதான் கண்ணைத் திறந்து, “இருங்க, இப்பதான் வருண லிங்கம் தாண்டறேன்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தேய்மானம் குபேர லிங்கத்தில் இருந்தது. அங்கே போக அவள் இந்திர லிங்கத்திலிருந்து கிளம்பி, ஒவ்வொரு பாடமாகச் சொல்லி, மலையை முக்கால்வாசி சுற்றியாக வேண்டும். வேறு கேள்வி கேட்டுப் பார்த்தேன். அதற்கும் முதலிலிருந்து கிளம்பினாள். பின்பக்கமாகப் போகச் சொன்னால், ஈசான்யத்திலிருந்து குபேரனுக்கு ஒரு எட்டுத்தானே, முடியவில்லை. மனசுக்குள்ளேகூட மலையை இடமாகச் சுற்ற அவளால் முடியவில்லை. பரீட்சை எழுத உட்கார்ந்தால் கேள்விக்கு ஒரு கிரிவலம் போய்க்கொண்டிருப்பாள், மணி அடித்துவிடும். இந்த மாதிரி ஒரு தப்பு உலகத்தில் வேறு எந்தக் கல்லூரிப் பிள்ளையாவது செய்திருக்குமா என்று தெரியவில்லை. கரிந்த குழம்பை இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அதற்கு வழி நான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது டீக்கடை அக்கா தந்தது. மறுநாள் எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டார், சொன்னோம். “நான் எங்கிருந்து சுத்தறேன்னு நெனச்ச? இந்தக் கடை வாசல்லருந்து கெளம்பி இங்கயே வந்து முடிப்பேன். எங்க ஊருக்காரங்க எல்லாம் அப்படித்தான். எங்கருந்து ஆரம்பிச்சா இன்னா, ஆரம்பிச்ச எடத்துல முடிக்கணும், அவ்ளோதான” என்றார். எங்களுக்கும் தெரிந்த விஷயம்தான். டவுன்காரர்களுக்கு இந்திர லிங்கம்தான் ஆரம்பம் என்று பழகிவிட்டது. எந்தப் பாடமும் முதல் பாடமாக வரட்டும் என்று அதற்குப் பிறகு தினமும் ஓர் இடத்தில் ஆரம்பித்தோம். ஒரு நாள் பஸ்ஸில் போய் வாயு லிங்கத்தில் இறங்கி அங்கிருந்து ஆரம்பிப்போம், மறுநாள் நிருதியிலிருந்து. ஆரம்பித்த இடத்தில் முடிக்க வேண்டும் என்பதால் முடியாத நாளில் பாதியில் பஸ் ஏறுகிற சலுகை போய்விட்டது. கால் வலி எடுக்கும். சொல்லவில்லை. ஆடிட்டரிடம் பரீட்சைக்காக லீவு கேட்டு வாங்கியிருந்தாள். அவளுடைய நாற்காலியில் இப்போது பார்ட்னரின் அண்ணன் மகள் உட்கார்ந்திருப்பாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும், அதையும் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்படி ஒரு நாள், குபேர லிங்கத்தில் ஆரம்பித்துப் பாதி மலை வந்துவிட்டோம். யம லிங்கத்தில் அளிப்பு விதியின் விதிவிலக்குகளைக் கேட்டேன். இரண்டு சொன்னாள். மூன்றாவது வரவில்லை. நடந்தோம். வரவில்லை. யம லிங்கத்தைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகு சட்டென்று நின்றுவிட்டாள்.

“திரும்பிப் போலாங்க.”

“எங்க?”

“யம லிங்கத்துக்கு. அங்க போய் நின்னா வந்துடும். அத வுட்டுட்டு வந்துட்டேன்.”

அவள் முகத்தைப் பார்த்தால் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள் மாதிரி இருந்தது. ரோட்டின் நடுவில் நின்று பின்னால் பார்த்தாள், மலையைப் பார்த்தாள். திரும்பி நடந்தால் மலை இடப் பக்கம் வரும். நடக்காவிட்டால் ஒரு பதில் குறையாக நிற்கும். அந்தப் பேனா அவள் கையில் இருந்திருந்தால் அன்றைய கிரிவலம் முழுக்க அடித்திருப்பாள். தேற்றுகிற மாதிரி எதுவும் எனக்குப் பேச வராது. கைடைத் திறந்து அடுத்த கேள்வியைப் படித்தேன். “நெகிழ்ச்சின்னா இன்னா? வகைகளை விளக்குக.” அவள் நகரவில்லை. மறுபடி படித்தேன். பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர், “யம்மா, ஓரம்” என்று குரல் கொடுத்தார். அவள் ஓரத்துக்கு வந்தாள். வந்த கால் அப்படியே முன்னால் நடந்தது. நிருதி லிங்கம் வரும்வரை அழுதுகொண்டே நெகிழ்ச்சியின் வகைகளைச் சொன்னாள். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அளிப்பின் மூன்றாவது விதிவிலக்கு அன்று முழுக்க வரவில்லை. சுற்றி முடித்து வீட்டுக்கு வந்து, அது இல்லாமலேயே தூங்கினாள்.

முதலில் பொருளியல் வந்தது. நன்றாக எழுதினேன் என்றாள், தேவை வளைகோடு நகர்வதற்குப் பௌர்ணமி டீயைத்தான் உதாரணமாக எழுதினாளாம். கணக்குப்பதிவியல் அன்றுதான் நான் முதலில் சொன்ன அந்தக் கை. அவள் உள்ளே போன பிறகு நான் மதிலோரமாக நடந்தேன், நின்றேன், மறுபடி நடந்தேன். வாட்ச்மேன் வெகுநேரம் பார்த்துவிட்டு, “தங்கச்சியா?” என்றார். “சம்சாரம்” என்றேன். “சரிதான். உள்ள அவங்க நெழல்ல ஃபேனுக்குக் கீழ, நீ வெயில்ல. யாருக்குப்பா பரீட்சை?” என்று சிரித்தார். தண்ணீர் கொடுத்தார். குடிக்க முடியவில்லை. முன்னாலேயே எழுந்து வந்த ஒரு பையன், “இறுதிக் கணக்கு செம கஷ்டம், யாருக்கும் டேலி ஆவாது” என்று நண்பனிடம் சொல்லிக்கொண்டு போனான். நான் மதிலில் சாய்ந்துகொண்டேன். உள்ளே அவள் பேனாவை மேல் மூலையில் வைத்துக் கீழ் மூலைக்கு இழுக்கிறது எனக்கு வெளியிலிருந்தே கேட்டது.

கடைசி மணி அடித்து, கும்பல் எல்லாம் வந்து முடித்த பிறகு வந்தாள். கிட்டே வந்ததும், “டேலி ஆவல” என்றாள்.

“அடிச்சிட்டியா?”

“இல்ல.” அவளுக்கே அது நம்ப முடியாத மாதிரி சொன்னாள். “ரெண்டு தடவ கூட்டினேன். ஒத்து வரல. அப்படியே வுட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்.” அதைச் சொல்லிவிட்டு நடுரோட்டில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். “தப்புன்னு தெரிஞ்சே என் கையால கட்டிக் குடுத்துட்டு வந்திருக்கேங்க.” வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவள் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது.

ரிசல்ட் வருகிற வரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் வேலைக்குப் போனாள், வந்தாள். அந்தப் பெண்ணுக்குப் புது நாற்காலி வந்திருப்பதாகச் சொன்னாள். அது எதற்கு அடையாளம் என்று இரண்டு பேரும் தனித்தனியாக யோசித்தோம். நான் தரைத்தளச் சுவர் வரைக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். பிரஷ்ஷை வாளியில் முக்கினால் எடுக்க மறந்து நிற்பேன். மேஸ்திரி திட்டுவார்.

ரிசல்ட் ஒட்டிவிட்டார்கள் என்று தெரிந்த அன்று அம்மா வர மாட்டேன் என்றாள். நான்தான் போனேன். அறிவிப்புப் பலகையில் எண்கள் எறும்பு மாதிரி இருந்தன. அவள் எண்ணைக் கண்டுபிடித்தேன், பிறகு அது வேறு எண்ணோ என்று தோன்றியது, மறுபடி தேடினேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் ஹால் டிக்கெட்டைக் கொடுத்து, நீ படித்துச் சொல்லம்மா என்றேன். நடுவில் கிழிந்த அந்த டிக்கெட்டைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ரெண்டும் பாஸுண்ணா” என்றாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள்.

ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனேன். கதவருகே நின்றேன். சட்டை முழுக்கப் பெயிண்ட், உள்ளே போகத் தயக்கம். அம்மா டைப்ரைட்டரிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அவளேதான் கேட்டாள்.

“டேலி ஆச்சா?”

“ஆவலன்னாலும் மார்க் போட்டிருக்காங்க” என்றேன்.

எதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பெண்தான் முதலில் எழுந்து வந்து அம்மாவின் கையைக் குலுக்கினாள். நாங்கள் இத்தனை மாதமாக யாரை நினைத்துப் பயந்தோமோ அவள். அம்மா அவள் கையைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, பாதியில் நின்ற பக்கத்தை டைப் அடித்து முடித்தாள். பெரியவளே, உன் கதவை நேற்று அவள் ஏன் தட்டவில்லை என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். வராத கணக்கை விட்டுவிட்டு நீயாக எழுந்து வர வேண்டும் என்றுதான்.

வேலை நிரந்தரமானது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில் அம்மா அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். அலமாரியில் அவள் பயிற்சிக்கு வாங்கியதில் மிஞ்சிய வெள்ளைத் தாள் கொஞ்சம் இருந்தது. எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. அவள் செய்கிற மாதிரியே ஓரத்தை மடித்து மார்ஜின் விட்டேன். கதவைத் தாழ் போட்டேன். கைடைத் திறந்து இரண்டு மூன்று கேள்விகளைப் பார்த்துவிட்டு மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஹால் டிக்கெட் வாங்கிப் பரீட்சை எழுதாதவன் நான், ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பேனாவைத் திறந்தேன். விரல் வியர்த்தது. ‘ஒன்று. தேவை விதி. மற்றவை மாறாதிருக்கும்போது’ என்று எழுதினேன். விலை, தேவை, அக்காவின் டீ எல்லாம் வந்தது. அப்புறம் வளைகோட்டுக்குக் கீழே எழுத வேண்டிய ஒரு வரி, மாதக்கணக்கில் தினமும் கேட்டது, வரவில்லை. கட்டிலுக்கு அடியில் கை போனது. கையை இழுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அந்த வெள்ளை இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு வரி இடம் விட்டு, கீழே ‘இரண்டு’ என்று எழுதினேன்.